எத்னிக் ஸ்டடீஸ் மேஜர்: சேர்வதற்கு முன்பிருந்து பட்டம் பெறும் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை "எத்னிக் ஸ்டடீஸ் மேஜர் (முதன்மைப் பாடம்) எடுக்கப்போகிறேன்" என்று சொன்னதும் தமிழ் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "அதைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாய்?" என்பதுதான். நியாயமான கேள்வி. கடைசிப் பகுதியில் அதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் வரவேண்டிய ஒரு கேள்வியைப் பெற்றோரும் கேட்பதில்லை, பிள்ளைகளும் தங்களைக் கேட்டுக்கொள்வதில்லை: நான்கு வருடம் அந்த வகுப்பில் உட்கார்ந்து எதைத்தான் படிக்கப்போகிறோம்?

இனக்குழு ஆய்வியல் எனப்படும் இந்தத் துறையை, நம் வேர்களைத் தெரிந்துகொள்ளும் படிப்பு என்று எண்ணிச் சேர்கிறவர்கள் உண்டு. அந்த எண்ணத்தோடு போனால் இரண்டாம் ஆண்டிலேயே சோர்வு வந்துவிடும். சட்டம், குடிக்கணக்கு, நிலம், கூலி, பள்ளிக்கூடம் ஆகியவற்றின் வழியே ஒரு நாடு தன் மக்களை இனங்களாகப் பிரித்து எப்படி மேலும் கீழுமாக அடுக்கியது, அடியில் வைக்கப்பட்டவர்கள் அதை எப்படி எதிர்த்து நின்றார்கள் என்பதே இதன் பாடப்பொருள். கறுப்பின மக்கள், பூர்வகுடிகள், லத்தீன் அமெரிக்க வழியினர், ஆசிய வழியினர் ஆகியோரின் வரலாறுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பொறுமை உள்ளவருக்கு இதைவிட நல்ல இளங்கலைப் படிப்பு அங்கே குறைவு என்பது என் உறுதியான கருத்து.

முதல் படி: துறை பிறந்த கதையைப் படியுங்கள்

விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை இது. பெரும்பாலான துறைகள் பேராசிரியர்கள் கூடிப் பேசி உருவானவை. இது மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்துப் பெற்ற துறை.

1968 நவம்பர் 6 அன்று சான்ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் வேலைநிறுத்தம் தொடங்கியது. கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சியைச் சேர்ந்த ஆசிரியர் ஜார்ஜ் மரே இடைநீக்கம் செய்யப்பட்டது உடனடிக் காரணம். தங்கள் மக்களின் வரலாறு பாடத்திட்டத்தில் எங்குமே இல்லை என்ற ஆற்றாமை அதற்கும் முன்பிருந்தே கனன்றுகொண்டிருந்தது. கறுப்பின மாணவர் சங்கம் 10 கோரிக்கைகளை வைத்தது. ஆசிய, லத்தீன் அமெரிக்க மாணவர் அமைப்புகள் இணைந்த மூன்றாம் உலக விடுதலை முன்னணி மேலும் 5 கோரிக்கைகளைச் சேர்த்தது. கல்லூரியின் தற்காலிகத் தலைவராகப் பொறுப்பேற்ற எஸ். ஐ. ஹயகாவா, டிசம்பர் 2 அன்று மாணவர்களின் ஒலிபெருக்கி வண்டிமீது தாமே ஏறி ஒயர்களைப் பிடுங்கி எறிந்தார். ஜனவரியில் ஒரே நாளில் நானூறுக்கும் அதிகமானோர் கைதானார்கள். 1969 மார்ச்சில் போராட்டம் முடிந்தபோது, எத்னிக் ஸ்டடீஸுக்கென்று தனிக் கல்லூரியே அமைப்பதற்கு நிர்வாகம் ஒப்புக்கொண்டிருந்தது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் அது திறந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலும் 1969 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த போராட்டத்தின் விளைவாகத்தான் அங்குள்ள துறை வந்தது.

தமிழருக்கும் இந்த முன்கதையில் ஓர் இடம் இருக்கிறது. 1958இல் பெர்க்லிக்குப் படிக்க வந்த சியாமளா கோபாலன் (கமலா ஹாரிஸின் தாய்), 1960களின் தொடக்கத்தில் அங்கே கறுப்பின மாணவர்கள் நடத்திய வாசிப்பு வட்டத்தில் பங்கேற்றவர். ஆஃப்ரோ அமெரிக்கன் அசோசியேஷன் என்று பெயர்பெற்ற அந்த வட்டம், பிற்காலக் கறுப்பின ஆய்வுத் துறைகளுக்கு வித்திட்டவற்றுள் ஒன்று. பிறருடைய வரலாற்றைத் தனக்குரியதாக மதித்துப் படித்த அந்த மனம்தான் இந்த மேஜருக்கு முதல் தகுதி.

இரண்டாம் படி: எது இதுவல்ல என்று பிரித்தறியுங்கள்

தெற்காசிய ஆய்வுகள் வேறு, இது வேறு. பெர்க்லியில் தமிழ் படிக்க வேண்டுமென்றால் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வுத் துறைக்குப் போகவேண்டும். எத்னிக் ஸ்டடீஸில் சங்க இலக்கியமோ சோழர் வரலாறோ கிடைக்காது. அமெரிக்க மண்ணுக்கு வந்த பிறகு தெற்காசியர்களுக்கு என்ன நேர்ந்தது, அவர்கள் யாரோடு சேர்ந்தார்கள், யாரை ஒதுக்கினார்கள் என்பது கிடைக்கும். மானிடவியலிலும் சமூகவியலிலும் இந்தப் பொருள்களைத் தொடுவார்கள். ஆனால் அங்கே ஆய்வு செய்யப்படும் சமூகத்துக்கு ஆய்வாளர் கணக்குச் சொல்லவேண்டும் என்ற கடப்பாடு துறையின் அடித்தளமாக இருப்பதில்லை. இங்கே அதுவே அடித்தளம்.

மூன்றாம் படி: துறையின் பலத்தைச் சோதித்துச் சேருங்கள்

பெயர்ப்பலகையைப் பார்த்து மயங்கக்கூடாது. சில இடங்களில் இது முழுத் துறை. சில இடங்களில் பிற துறைப் பேராசிரியர்களை இரவல் வாங்கி நடத்தும் ஒரு திட்டம் மட்டுமே. துறை என்றால் அதற்குத் தன் ஆசிரியர்களைத் தானே நியமிக்கும் உரிமை இருக்கும். திட்டத்துக்குப் பெரும்பாலும் அது இருக்காது. ஒரு பேராசிரியர் விடுப்பில் போனால் உங்கள் கட்டாயப் பாடம் அந்த ஆண்டு நடக்காமலே போகலாம்.

இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதற்கு யேல் சாட்சி. அங்குள்ள எத்னிசிட்டி, ரேஸ் அண்ட் மைக்ரேஷன் திட்டத்திலிருந்து 2019இல் 13 பேராசிரியர்கள் ஒரே நேரத்தில் விலகினார்கள். போதிய ஆதரவும் நியமன உரிமையும் இல்லை என்பதே அவர்களுடைய குறை. பல்கலைக்கழகம் இறங்கி வந்த பிறகே திரும்பினார்கள். அவ்வளவு பணமும் பெயரும் உள்ள இடத்திலேயே இந்த நிலை.

சான்ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட்டில் தனிக் கல்லூரி இருக்கிறது. கால் ஸ்டேட் எனப்படும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகமும் 2019இல் அதுபோலொரு கல்லூரியை அமைத்தது. பெர்க்லி, சான் டியாகோ, ரிவர்சைட், கொலராடோ போல்டர், ஹவாயின் மனோவா வளாகம் ஆகியவற்றில் துறையாகவே உள்ளது. யுசிஎல்ஏவில் (கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகம்) ஆசிய அமெரிக்கர், கறுப்பினத்தவர், சிகானோ (மெக்சிகோ வழியினர்) எனத் தனித்தனியாகப் பிரித்து நடத்துகிறார்கள். ஒப்பிட்டுப் படிக்க விரும்புகிறவருக்கு ஒருங்கிணைந்த துறையே நல்லது. ஒரே சமூகத்தில் ஆழ்ந்து இறங்க விரும்புகிறவருக்குப் பிரிந்த அமைப்பு பொருந்தும்.

சேருமுன் துறை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி மூன்று விஷயங்களைக் கேளுங்கள். முழுநேரமாக இந்தத் துறைக்கே உரிய பேராசிரியர்கள் எத்தனை பேர்? கடந்த இரண்டு ஆண்டுகளில் கட்டாயப் பாடங்கள் எந்தெந்த செமஸ்டரில் நடந்தன? சென்ற ஆண்டு மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளின் தலைப்புகள் என்ன? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலிலிருந்தே துறையின் உயிர்ப்பு தெரிந்துவிடும்.

மாநில அரசியலையும் பாருங்கள். அரிசோனாவில் 2010இல் ஒரு சட்டம் இயற்றி, டூசான் பள்ளிகளின் மெக்சிகன் அமெரிக்கப் பாடத்தையே நிறுத்தினார்கள். அந்தச் சட்டம் செயல்படுத்தப்பட்ட விதம் அரசியலமைப்புக்கு எதிரானது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2017இல்தான் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் ஒரு தலைமுறை மாணவர்கள் பள்ளிப் படிப்பையே முடித்துப் போய்விட்டார்கள்.

செலவு பெரிதென்று அஞ்சுகிறவர்கள் கலிபோர்னியாவில் கட்டணம் குறைந்த இரண்டாண்டுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு மாறலாம். ரிவர்சைட் போன்ற யுசி (கலிபோர்னியாப் பல்கலைக்கழக) வளாகங்கள், நிபந்தனைகளை நிறைவேற்றும் கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்கு இடத்தை உறுதி செய்யும் ஒப்பந்தத்தைத் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியாகோ வளாகங்கள் அந்த ஒப்பந்தத்தில் இல்லை.

நான்காம் படி: முதலாண்டில் ஒரே ஒரு பாடம் போதும்

சேர்ந்த உடனே மேஜரை அறிவிக்க அவசரம் வேண்டாம். அறிமுகப் பாடம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். கால் ஸ்டேட் வளாகங்களில் எந்த மேஜர் மாணவரானாலும் 3 யூனிட் (பாட அளவைக் கணக்கிடும் அலகு) எத்னிக் ஸ்டடீஸ் படித்தாக வேண்டும். 2020இல் கையெழுத்தான ஏபி 1460 சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. பெர்க்லியிலும் அமெரிக்கன் கல்ச்சர்ஸ் என்ற கட்டாயப் பாடம் இருக்கிறது. ஆகவே அந்த ஒரு பாடத்தால் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

அந்த வகுப்பில் உங்களைச் சோதித்துப் பார்க்கவேண்டியது மதிப்பெண்ணை வைத்து அல்ல. வாரத்துக்கு நூறு பக்கத்துக்கு மேல் வாசிக்கச் சொன்னால் வாசிக்க முடிகிறதா? உங்கள் குடும்பம் நம்பும் ஒன்றை வகுப்பில் ஒருவர் மறுத்துப் பேசும்போது கோபப்படாமல் கேட்க முடிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அடுத்த செமஸ்டரில் அட்வைசரைப் பாருங்கள்.

ஐந்தாம் படி: ஆய்வு முறையைக் கையில் பழக்குங்கள்

இளங்கலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 செமஸ்டர் யூனிட் வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே மேஜருக்கு உரியது. அறிமுகப் பாடங்கள், கோட்பாடு, ஆய்வு முறைகள், குறிப்பிட்ட சமூகங்களைப் பற்றிய மேல்நிலைப் பாடங்கள், கடைசி ஆண்டில் ஆய்வேடு அல்லது கருத்தரங்கு என்று அடுக்கியிருப்பார்கள். மாணவர்கள் கோட்பாட்டுப் பாடத்தில் மூழ்கி ஆய்வு முறைப் பாடத்தைக் கடமைக்கு முடிப்பதுண்டு. நான் சொல்வது இதற்கு நேர்மாறு. கோட்பாட்டுச் சொற்களை ஒப்பிக்கும் பட்டதாரிக்கு வெளியே மதிப்பில்லை. ஓர் ஆவணத்தைக் கையில் கொடுத்தால் அதைப் பேசவைக்கத் தெரிந்தவருக்கு எங்கும் மதிப்பு உண்டு.

ஆவணத்தைப் பேசவைப்பது எப்படி என்று ஒரு பயிற்சியால் காட்டுகிறேன். 1930ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிக்கணக்கின் கையெழுத்துத் தாள்களை இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். கலிபோர்னியாவின் இம்பீரியல் கவுண்டியைத் தேர்ந்தெடுங்கள். "நிறம் அல்லது இனம்" என்ற கட்டத்தில் சிலருக்கு "ஹிந்து" என்பதன் சுருக்கக் குறி இருக்கும். அப்படிக் குறிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சீக்கியர்கள், பஞ்சாபிலிருந்து வந்த விவசாயிகள். மதத்தின் பெயரையே இனத்தின் பெயராக்கி, அந்த மதத்தையே சேராதவர்கள்மேல் ஒட்டியிருக்கிறார்கள். அதே வீட்டில் மனைவிக்கு "மெக்சிகன்" என்ற குறியைக் காண்பீர்கள். அப்படிப் பல பஞ்சாபி–மெக்சிகன் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. இப்போது கேள்விகள் தாமாகவே வரும். பிள்ளைகளுக்கு எந்தக் குறியைப் போட்டார் கணக்கெடுத்தவர்? ஒவ்வொரு வீட்டிலும் அது ஒன்றுபோல் இருக்கிறதா? கணவர் விவசாயி என்கிறது தொழில் கட்டம், அயல்நாட்டார் என்கிறது குடியுரிமைக் கட்டம். குடியுரிமை பெறத் தகுதியற்றவர் நிலம் வாங்கக்கூடாது என்ற கலிபோர்னியாச் சட்டம் 1913 முதல் அமலில் இருந்ததே, அப்படியானால் அந்த நிலம் யார் பெயரில் இருந்தது?

அடுத்து, மற்ற ஆண்டுகளின் கணக்கைப் பக்கத்தில் வையுங்கள். "ஹிந்து" என்ற இனம் 1920, 1930, 1940 கணக்குகளில் மட்டுமே உண்டு. "மெக்சிகன்" தனி இனமாக 1930இல் மட்டுமே வந்தது. 1970 கணக்கில் இந்தியர்கள் வெள்ளையர் என்று எண்ணப்பட்டார்கள். 1980இல் "ஏசியன் இந்தியன்" என்ற புதுக் கட்டம் பிறந்தது. ஆக 1968இல் சென்னையிலிருந்து போன ஒரு பொறியாளர் 1970இல் வெள்ளையராகவும் பத்தாண்டு கழித்து ஆசியராகவும் எண்ணப்பட்டிருப்பார். அவர் மாறவில்லை, படிவம் மாறியது. இனம் என்பது அரசு எழுதி வைக்கும் ஒன்று என்று ஐந்நூறு பக்கக் கோட்பாடு சொல்வதை இரண்டு தாள்கள் காட்டிவிடுகின்றன. மூன்றாம் ஆண்டுக்குள் இப்படி ஆவணம் வாசிப்பதோடு, நேர்காணல் எடுப்பது, எளிய புள்ளியியல் ஆகியவற்றிலும் கை பழகியிருக்க வேண்டும்.

ஆறாம் படி: நம் வீட்டுச் சாதியையும் பாடமாக எடுங்கள்

தெற்காசிய மாணவர் தப்பித்துப் போக முடியாத இடம் இது. தப்பிக்க முயலவும் கூடாது.

1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பகத் சிங் திந்த் வழக்கை ஒவ்வோர் அறிமுக வகுப்பிலும் படிப்பீர்கள். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர் அவர். குடியேறி வந்தவர்களில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வழியினருக்கும் மட்டுமே குடியுரிமை என்றிருந்த காலம். அவர் தரப்பு முன்வைத்த வாதம், தாம் உயர்சாதி இந்து, ஆரியர், ஆகவே வெள்ளையர் என்பதுதான். இனப் பாகுபாடு தவறு என்று வாதிடவில்லை. கோட்டின் நல்ல பக்கத்தில் தமக்கு இடம் கேட்டார்கள். நீதிமன்றம் மறுத்தது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. 1946இல் வந்த லூஸ்–செல்லர் சட்டம்தான் இந்தியர்களுக்கு மறுபடி கதவைத் திறந்தது. புதிதாகக் குடியேறி வரவோ ஆண்டுக்கு 100 பேருக்கு மட்டுமே இடம்.

இந்த வழக்கை அநீதிக்கு ஆளான இந்தியரின் கதையாக மட்டும் எழுதிக்கொடுத்தால் பாதிதான் எழுதியதாகும். அதில் சாதி எப்படி ஆயுதமாகப் பயன்பட்டது என்பதையும் எழுதவேண்டும். அந்தக் கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. கால் ஸ்டேட் நிர்வாகம் 2022இல் தன் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டில் கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய சாதித் தடை மசோதாவை ஆளுநர் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். வகுப்பில் வெள்ளை ஆதிக்கத்தைப் பற்றி அனல் பறக்கப் பேசிவிட்டு, வீட்டில் நடக்கும் சாதிப் பேச்சுக்கு வாய்மூடி இருப்பவர் இந்தப் படிப்பை இன்னும் தொடங்கவே இல்லை என்பேன்.

ஏழாம் படி: துணைக்கு ஒரு மொழி, ஒரு திறன்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழை எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் அதைக் கூர்மைப்படுத்துங்கள். ஸ்பானிஷ் கற்றால் கலிபோர்னியாவின் பாதி ஆவணங்களும் வேலைகளும் திறக்கும். இரண்டாவது மேஜர் அல்லது மைனராக (துணைப் பாடமாக) புள்ளியியல், பொதுச் சுகாதாரம், சட்டக் கல்வி, நகரத் திட்டமிடல் ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள். மேஜரின் யூனிட் சுமை குறைவாக இருப்பதால் நான்கே ஆண்டில் இரண்டையும் முடிக்கலாம், முதலாண்டிலேயே திட்டமிட்டால்.

எட்டாம் படி: ஆய்வேடு

தலைப்பைச் சிறிதாக்குங்கள். "அமெரிக்கத் தமிழரின் அடையாளம்" என்பது தலைப்பே அல்ல. ஒரு நகரத்தின் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் எந்தப் பாடநூலை வைப்பது என்று யார் முடிவு செய்தார்கள், இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு அதில் குரல் இருந்ததா என்பது தலைப்பு. ஒப்பீட்டில் ஆர்வம் இருந்தால் கனடாவின் கடற்கரையைப் பாருங்கள். 1914இல் வான்கூவரில் நிறுத்தப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட கோமகதா மாரு கப்பல், 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 ஈழத்தமிழர், 2010இல் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு 492 தமிழரோடு வந்த சன் சீ கப்பல். மூன்று முறையும் செய்தித்தாள்கள் எந்தச் சொற்களால் அவர்களை அழைத்தன என்று மட்டும் ஒப்பிட்டாலே ஓர் ஆய்வேடு தேறும்.

மனிதர்களைப் பேட்டி எடுப்பதாக இருந்தால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழுவிடம் முன்கூட்டியே பேசுங்கள். அனுமதி தேவைப்பட்டால் வாரக்கணக்கில் ஆகும். ஆகவே மூன்றாம் ஆண்டின் முடிவிலேயே மனுவைத் தயார் செய்யவேண்டும். பேட்டி கொடுத்தவரிடம் எழுத்தாக்கிய பிரதியைக் காட்டி, நீக்கச் சொன்னதை நீக்குங்கள். விசா நிலை, குடும்பச் சண்டை, சாதி போன்றவை பதிவில் வந்திருந்தால் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே எச்சரிக்கையாக இருங்கள். அவர் சம்மதித்தால் ஒலிப்பதிவைத் தெற்காசிய அமெரிக்க டிஜிட்டல் ஆவணக்காப்பகம் போன்ற இடத்தில் சேர்க்கலாம். 2008 முதல் இந்தப் பணியைச் செய்துவரும் அமைப்பு அது.

மாணவர் வேலைதானே என்று யாரும் அலட்சியப்படுத்த வேண்டாம். சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஏஞ்சல் தீவில் 1910 முதல் 1940 வரை குடியேறிகளை அடைத்து விசாரித்த கட்டடம் இருந்தது. இடித்துத் தள்ளப்படும் நிலையிலிருந்த அதன் மரச்சுவர்களில் சீன எழுத்துகள் செதுக்கப்பட்டிருப்பதை 1970இல் பூங்காக் காவலர் ஒருவர் கண்டார். சான்ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட்டின் பேராசிரியர் ஒருவரிடம் போய்ச் சொன்னார். அவை அடைபட்டவர்கள் எழுதிய கவிதைகள். ஆசிய அமெரிக்க மாணவர்களும் ஆர்வலர்களும் படம் பிடித்து, படியெடுத்து, விடாமல் குரல் கொடுத்தார்கள். 1976இல் மாநிலச் சட்டமன்றம் பாதுகாப்புக்கென 2,50,000 டாலர் ஒதுக்கியது. இன்று அது தேசிய வரலாற்றுச் சின்னம்.

ஒன்பதாம் படி: பட்டத்துக்குப் பின்

பெற்றோரின் கேள்விக்கு வருகிறேன். சட்டக் கல்லூரிகள் எந்த மேஜரையும் ஏற்கின்றன. நிறைய வாசித்து, வாதத்தைக் கட்டி எழுதிப் பழகியவருக்கு அங்கே நல்ல அடித்தளம் இருக்கும். மருத்துவக் கல்லூரியும் குறிப்பிட்ட அறிவியல் பாடங்களை முடித்திருக்கிறீர்களா என்றே பார்க்கிறது. 2015 முதல், அந்தக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான எம்கேட்டில் உளவியல், சமூகம் சார்ந்த ஒரு பகுதியே இருக்கிறது. இனமும் ஏற்றத்தாழ்வும் நோயை எப்படித் தீர்மானிக்கின்றன என்பது அதில் வரும். பொதுச் சுகாதாரம், சமூகப் பணி, தொழிற்சங்கம், நகராட்சி, அருங்காட்சியகம், ஆவணக்காப்பகம் ஆகியவற்றிலும் இந்தப் பட்டதாரிகளுக்கு இடமுண்டு.

பள்ளி ஆசிரியர் வேலை தனியே சொல்லத்தக்கது. சான்ஃபிரான்சிஸ்கோ பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு எத்னிக் ஸ்டடீஸ் பாடத்தை தாமஸ் டீ, எமிலி பென்னர் இருவரும் ஆராய்ந்தார்கள். மதிப்பெண்ணில் பின்தங்கியிருந்ததால் அந்தப் பாடத்தில் சேர்க்கப்பட்ட மாணவர்களின் வருகை 21 சதவீதப் புள்ளிகளும், மதிப்பெண் சராசரி 1.4 புள்ளிகளும் உயர்ந்ததாக 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. கலிபோர்னியா 2021இல் உயர்நிலைப் பள்ளிகளில் இதைக் கட்டாயமாக்கச் சட்டம் இயற்றியது. நிதி ஒதுக்கினால்தான் அமலாகும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. ஆகவே இந்தச் சட்டத்தை மட்டும் நம்பி இறங்காமல், சமூக அறிவியல் ஆசிரியருக்கான கிரெடென்ஷியலை (கற்பிக்கும் உரிமத்தை) பெறுங்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ மாணவர் விசாவில் வருகிறவர்கள் மட்டும் மிகக் கவனமாகக் கணக்குப் போடவேண்டும். இந்தப் பட்டத்துக்குப் பின் ஓபிடி, அதாவது படித்த துறையில் அங்கே வேலை செய்யும் அனுமதி, 12 மாதம்தான். அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு இதற்கு இல்லை. புள்ளியியல் போன்ற தகுதியுள்ள மேஜர் ஒன்றைச் சேர்த்துப் படித்து, அது மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்திலும் பதிவாகி, வேலையும் அந்தத் துறை சார்ந்ததாக இருந்தால் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டாம் ஆண்டுக்குள் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இதை எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.